மான் வரும் வழி அறிந்தோர்

வேட்டை என்றதும் வில்லும் வேலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே வேட்டையில் பாதி முடிந்துவிடுகிறது. விலங்கு எதைத் தின்னும், எங்கே நீர் குடிக்கும், எந்த வழியாக வரும், காற்று எப்பக்கம் வீசுகிறது என்பவற்றை அறியாதவனுக்குக் கூரிய அம்பும் உதவாது. இவ்வறிவின் வரலாற்றுக்குத் திருவள்ளூர் வட்டாரம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஓடைக்கரைத் தடயங்கள்

1863 மே 30 அன்று நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு நடத்தினர். மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் அவர்கள் அறிவித்தனர். மாட்டினம், குதிரையினம் ஆகியவற்றின் புதைபடிவப் பற்களும், விலங்குகளின் காலடிப் பதிவுகளும் அம்மண்ணில் கிடைத்தன.

இவற்றைக் கொண்டு அங்கே வேட்டை நடந்தது என்று முடிவு கட்டிவிட இயலாது. எனினும் இடத்தைக் கவனியுங்கள். அருகில் ஓடை, கருவிக்கு ஏற்ற குவார்ட்சைட் கற்களைத் தரும் அல்லிக்குழி மலையும் தொலைவில் இல்லை. விலங்குகள் வந்து போன நிலத்தையே மனிதனும் நாடி வந்தான்.

எயினர் காத்திருந்த குழி

சங்க காலத்தில் இப்பகுதி தொண்டை நாட்டைச் சேர்ந்தது. தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் என்னும் வேட்டுவரின் வாழ்க்கையை நுட்பமாகக் காட்டுகிறது. மழை பொய்த்த காலம். மான்களின் அடிச்சுவடு பதிந்த வழியருகே நீருக்காகத் தோண்டப்பட்ட குழிகள். இரவில் அவற்றுள் பதுங்கி, நீர் தேடி வரும் காட்டுப்பன்றியை எயினர் எதிர்நோக்கியிருப்பர். அது வாய்க்காவிடில், மறுநாள் பகலில் வேலி போல வலைகளைக் கட்டி, நாய்களைக் கொண்டு புதர்களைக் கலைத்து முயல்களை வளைப்பர்.

அவர்கள் வீட்டு முற்றத்து விளாமரத்தில் ஒரு மான் கட்டப்பட்டிருக்கும். அதற்குப் ‘பார்வை’ என்று பெயர். பிற மான்களை ஈர்த்துப் பிடிப்பதற்காகப் பழக்கப்பட்டது அது. அம்மர நிழலிலேதான் எயிற்றியர் நிலத்தைக் கிளறிச் சேர்த்த புல்லரிசியை உரலிலிட்டுக் குற்றுவர்.

குழி வெட்டிய காலம் கோடை என்பதை எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் எங்கும் நீர் உண்டு. விலங்குகள் சிதறித் திரியும். கோடையில் சில நீர்நிலைகளே எஞ்சும். விலங்குகள் அங்கே கூடியாக வேண்டும். இன்றைய உயிரியல் அறிஞர் விளக்கும் உண்மையை எயினர் நடைமுறையில் அறிந்திருந்தனர்.

மானின் ஒரு நாள்

நாம் ‘மான்’ என ஒரே பெயரால் அழைப்பவை இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. புள்ளிமானின் கொம்பு கிளைத்தது. உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்பு முறுக்கியது, உதிராதது. வெளிமான் புல்வெளியை விரும்பும். புள்ளிமான் புல்லோடு இலைகளையும் உதிர்ந்த கனிகளையும் உண்ணும்; நெல்லிக்காயை விழுங்கி, நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். ஆகவே நெல்லிக்கொட்டைகள் குவிந்து கிடக்குமிடம் மான் இளைப்பாறிய இடமாக இருக்கலாம். மேய்ச்சல் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும். மோப்பம் மிகக் கூர்மை. மனித வாடை காற்றில் வந்தால் கூட்டமே ஓடிவிடும்.

அறிவு பிழைத்த கதை

1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். கிண்டியில் 1978இல் அமைந்த தேசியப் பூங்கா இவ்விரு மான்களுக்கும் புகலிடமாயிற்று.

சட்டம் விலங்குகளைக் காத்தது. ஆனால் காட்டை நம்பி வாழ்ந்தோரின் பிழைப்பு என்னாவது? செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதி இருளருக்கு இக்கேள்வி நேரடியாக எழுந்தது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டதும் அவர்களுள் பலர் வருமானம் இழந்தனர். 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, வடநெம்மேலியில் இயங்கலாயிற்று. அனுமதி பெற்று நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்நஞ்சு பயன்படுகிறது. வளையின் வாயையும், மண்ணில் பதிந்த தடத்தையும், எச்சத்தையும் பார்த்தே பாம்பின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கின்றனர். 2017இல் மலைப்பாம்புகளைத் தேட அமெரிக்காவின் புளோரிடாவுக்கு இருளர் இருவர் அழைக்கப்பட்டனர்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இன்று ஆலைகள் பெருகிவிட்டன. ஆயினும் ஏரிக்கரைகளும் புதர்களும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மாணவர்களே, கோடையில் ஓர் ஏரியின் ஈர விளிம்பைக் காலையில் சென்று பாருங்கள். என்னென்ன காலடிகள் உள்ளன, எத்திசையிலிருந்து வந்தன, அருகில் எம்மரம் காய்த்திருக்கிறது என்று குறித்து வாருங்கள். வனத்துறையினர் விலங்குகளைக் கணக்கெடுக்க நீர்நிலையருகே மறைந்திருப்பதும் இதே அறிவைக் கொண்டுதான்.