ஃபுட் டூட்ஸ் திட்டம்

4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளைக் காய்கறி, பழம் சாப்பிடப் பழக்கும் பள்ளித் திட்டம் ஃபுட் டூட்ஸ். வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ஃபெர்கஸ் லோ, பாலின் ஹோர்ன் தலைமையிலான குழு 1990களில் இதை உருவாக்கத் தொடங்கியது. வைட்டமின் பாடம் நடத்துவது இதன் வழியல்ல. புதிய காயைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைக்கு அது பிடிக்க வேண்டுமானால் பல தடவை ருசி பார்த்தாக வேண்டும். ஆகவே, எப்படியாவது அதை வாயில் போட வைப்பதுதான் முதல் வேலை.

அதற்கு இரண்டு தூண்டில்கள். ஒன்று, கதை. காய்கறி, பழங்களை ஒழித்து மக்களின் உயிராற்றலைப் பறிக்கத் துடிக்கும் ஜெனரல் ஜங்க் என்ற வில்லனை, பிள்ளைகளைவிடச் சற்றே மூத்த சாகசக்காரர்கள் முறியடிக்கும் சிறு வீடியோப் படங்கள் வகுப்பில் ஓடும். அந்த நாயகர்கள் எழுதியதாக வரும் கடிதத்தை ஆசிரியர் உரக்கப் படிப்பார். மற்றது, பரிசு. தொடக்க ஆய்வுகளில், ருசி பார்த்தால் ஸ்டிக்கர். கொடுத்ததை முழுக்கத் தின்றால் கூடவே ஒரு சிறு பரிசுப்பொருள். இப்படி 16 பள்ளி நாட்கள். பிறகு பரிசுகள் குறையும். வீட்டு மதிய உணவு டப்பாவில் காயும் பழமும் வருவதைச் சுவர் அட்டவணையில் குறிப்பார்கள்.

அயர்லாந்தில் உணவு வாரியமான போர்ட் பியா இத்திட்டத்தை நடத்துகிறது. அங்கு 2006இல் இது உலக சுகாதார நிறுவனத்தின் விருதைப் பெற்றது. 2007 முதல் நாடெங்கும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

பரிசு கொடுத்தால் பரிசுக்காக மட்டுமே தின்பார்கள் என்பது பழைய ஆட்சேபம். 'காயைத் தின்றால் ஐஸ்கிரீம்' என்று பேரம் பேசும் பெற்றோருக்கு இது பொருந்தும்; அங்கே காய் தண்டனையாகிவிடுகிறது. ஸ்டிக்கர் போன்ற, தின்ன முடியாத சிறு பரிசு அப்படிக் கெடுப்பதில்லை என்று லண்டனில் நடந்த பின்னாளைய ஆய்வுகள் காட்டின.

உண்மையான பலவீனம் வேறு: பழக்கம் நிலைப்பதில்லை. இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பள்ளிகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், 3 மாதத்தில் தெரிந்த உயர்வு பள்ளிச் சாப்பாடு சாப்பிட்டவர்களிடம் மட்டுமே இருந்தது. 12 மாதத்தில் அதுவும் மறைந்தது. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தவர்களிடம் அந்த உயர்வுகூடத் தென்படவில்லை. டப்பாவை நிரப்புவது பிள்ளையல்லவே. பழக்கம் தேய்ந்துவிடாமல் இருக்க, ஏற்கெனவே திட்டத்தை முடித்த பள்ளிகளுக்கு அயர்லாந்தில் மறுசுற்றும் நடத்தப்பட்டிருக்கிறது.