கட்டிளமைப் பருவத்து மூளையும் போதைப்பொருளும்

ஆறு வயதுக் குழந்தையின் மூளை, பருமனைப் பொறுத்தவரையில், முதிர்ந்த மனிதனின் மூளையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எட்டிவிடுகின்றது. கையும் காலும் நீள வேண்டிய காலம் இன்னும் எவ்வளவோ இருக்க, தலை மட்டும் முந்திக்கொள்கின்றது. இந்த ஓர் உண்மை அறிஞர்களை நெடுங்காலம் மயக்கி வைத்திருந்தது. பருமன் நிறைந்துவிட்டதாகையால் மூளையின் வளர்ச்சியும் முடிந்துவிட்டது என்றும், பதின்மூன்று பதினான்கு வயதிற் பிள்ளைகளிடம் காணப்படும் கொந்தளிப்பெல்லாம் உடற்சுரப்புகளின் வேலை அல்லது வளர்ப்பின் குறை என்றும் அவர்கள் எண்ணினார்கள். 1904ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டான்லி ஹோல் கட்டிளமைப் பருவத்தைப் பற்றி இரண்டு பெருந்தொகுதிகள் எழுதி, அதனைப் புயலும் நெருக்கடியும் நிறைந்த காலமென வருணித்தார். புயலை அவர் கண்டார். அது உருவாகும் இடத்தை அக்காலத்துக் கருவிகள் காட்டவில்லை.

நேயர்களே, இன்று நாம் நோக்கவிருப்பது அந்த இடத்தைத் தேடிச் சென்றவர்களின் வரலாறு. அதனோடு பின்னிக்கிடக்கும் மற்றொரு வினாவும் உண்டு. மது, புகையிலை, கஞ்சா முதலியன வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை என்ன செய்கின்றன? இதற்கு விடை எளிதென்று மேடைகளிற் பேசுவோர் நினைக்கின்றனர். ஆராய்ச்சியாளரோ தலைமுறை கடந்து உழைத்தும் இன்னும் தம் வேலையை முடித்தபாடில்லை.

முதற்சான்று பழையது. ஜேர்மனியின் லைப்சிக் நகரிலிருந்த போல் பிளெக்சிக் என்னும் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறந்த சிசுக்களின் மூளைகளை ஆராய்ந்தார். நரம்பு நார்களைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை படிகின்றது. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ அப்படி. உறை படிந்த நாரிற் செய்தி விரைந்து செல்லும். இவ்வுறை எல்லாப் பகுதிகளிலும் ஒரே காலத்திற் படிவதில்லை என்பதையும், புலனுக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகள் முந்த, சிந்தனையைத் தொகுக்கும் பகுதிகள் பிந்துகின்றன என்பதையும் பிளெக்சிக் கண்டார். 1967இல் யாக்கோவ்லெவ், லெக்கூர் என்னும் இருவர், சில பகுதிகளில் இவ்வேலை இருபது வயதுக்குப் பின்னரும் நடைபெறுகின்றதென எழுதினர். அவ்வெழுத்தை அன்று ஊன்றிக் கவனித்தவர் அதிகமில்லை.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் குழந்தைகளின் நரம்பு நோய் மருத்துவராயிருந்த பீற்றர் ஹட்டன்லொக்கர். 1979இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பிறந்த சிசு முதல் தொண்ணூறு வயது முதியவர் வரை, நோயற்றிருந்த 21 பேருடைய மூளைகளைப் பற்றியது. அம்மூளைகளின் முற்பகுதியிலிருந்து நுண்ணிய துண்டுகளை வெட்டி, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஒரு நரம்புக் கலம் மற்றொன்றோடு தொடர்புகொள்ளும் இணைப்புகளை எண்ணினார். வளர்ந்தவர்களிடத்தில் ஒரு கன மில்லிமீற்றர் அளவுக்குள் ஏறத்தாழ 110 கோடி இணைப்புகள் இருந்தன. குண்டூசித் தலையளவு இடத்தில் இத்துணை கோடியா என்று வியந்து நிற்கலாம்; ஆனால் வியப்பு வேறிடத்தில் இருந்தது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளிடம் அத்தொகை வளர்ந்தவரிலும் ஒன்றரை மடங்காயிருந்தது. அதன்பின் ஏறக்குறைய பதினாறு வயதுவரை அது குறைந்துகொண்டே சென்றது.

வளர்ச்சி என்றால் கூடுவதென்றே நாம் பழகியிருக்கின்றோம். இங்கோ குறைவதே வளர்ச்சியாயிற்று. முந்திரிகைப் பந்தலைக் காப்பவர் வேண்டாத கொடியைக் கவாத்துச் செய்து, காய்க்கும் கொடிக்குச் சாறு ஓடவிடுகின்றார் அன்றோ? மூளையும் பயன்படாத இணைப்புகளைக் களைந்து, பயன்படுவனவற்றை நிலைநிறுத்துகின்றது. அக்கவாத்து நடைபெறும் ஆண்டுகளே நம் பிள்ளைகள் இடைநிலை வகுப்புகளில் அமர்ந்திருக்கும் ஆண்டுகள்.

எனினும் ஹட்டன்லொக்கர் கண்டவை இறந்தோரின் மூளைகள். ஒரே பிள்ளையின் மூளை ஆண்டுக்காண்டு எவ்வாறு மாறுகின்றது என்பதை அம்முறையால் அறிய இயலாது. எக்ஸ் கதிரின்றிக் காந்த விசையையும் வானொலி அலையையும் கொண்டு உடலினுள்ளே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி வந்த பின்னரே நோயற்ற பிள்ளையை மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்க்க வழி பிறந்தது. அமெரிக்காவில் பெதெஸ்டா என்னும் ஊரிலுள்ள தேசிய உளநல நிறுவனத்தில் ஜூடித் றப்பப்போர்ட், ஜே கீட் முதலியோர் இவ்வேலையில் ஈடுபட்டனர். அக்கருவியின் குழல் ஒடுங்கியது, இரைச்சல் மிக்கது, உள்ளே படுப்பவர் தலையை அசைத்தாற் படம் கெட்டுவிடும். ஐந்து வயதுப் பிள்ளையைப் பத்து நிமிடம் அசையாது படுக்கவைப்பது எவ்வளவு கடினமென்பது ஆசிரியர்க்குச் சொல்லாமலே விளங்கும்!

1999இல் வெளிவந்த அவர்களின் அறிக்கையில் 145 பிள்ளைகளினதும் இளைஞரினதும் 243 படங்கள் அடங்கின. நெற்றிக்குப் பின்னேயுள்ள பகுதியில், நரம்புக் கலங்கள் செறிந்த சாம்பல் நிறப்பொருள் பெண்பிள்ளைகளுக்குப் பதினொரு வயதளவிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதளவிலும் உச்சத்தை அடைந்து, பின்னர் குறையத் தொடங்கியது. 2004இல் அதே குழுவினர், எட்டுப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து படமெடுக்கப்பட்ட 13 பிள்ளைகளின் மூளைகளை ஒப்பிட்டு, முதிர்ச்சி பகுதி பகுதியாகப் பரவுவதைக் காட்டினர். ஆசையை அடக்குதல், விளைவை எண்ணிப் பார்த்தல், திட்டமிடுதல் ஆகியவற்றுக்குத் துணைசெய்யும் முன்பகுதி இறுதியில் முதிரும் பகுதிகளுள் ஒன்று. இன்பத்தை நாடும் நரம்பு வழிகளோ இளமையிலேயே முழு வேகங்கொள்கின்றன. அவ்வழிகள் உண்டென்பதை 1954இல் மொன்றியல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்போர் எலிகளைக் கொண்டு முதலிற் கண்டறிந்திருந்தனர்.

மூளை இருபத்தைந்து வயதில் முற்றுகின்றது என்று இக்காலத்திற் பலரும் சொல்லக் கேட்கின்றோம். அப்படியொரு கோட்டை எந்த ஆய்வும் கிழித்ததில்லை. மாற்றம் மெல்ல மெல்ல அடங்குகின்றது, ஆளுக்காள் வேறுபடுகின்றது. சட்டம் குறிக்கும் வயது வேறு காரணங்களால் வந்தது. அமெரிக்கா 1984இல் மது வாங்கும் வயதை 21 ஆக்கத் தூண்டியவை வீதி விபத்துகள். அப்போது இப்படங்களில் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்கு மதுவும் புகையிலையும் விற்பதைத் தடைசெய்தது.

இனிப் போதைப்பொருளுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு மதுவைக் கொடுத்துச் சோதிக்க முடியாதென்பதால் ஆராய்ச்சியாளர் முதலில் எலிகளை நாடினர். எலிக்குக் கட்டிளமைப் பருவம் சில வாரங்களில் முடிந்துவிடும். அமெரிக்காவில் லிண்டா ஸ்பியர், ஸ்கொட் சுவாட்ஸ்வெல்டர் ஆகியோரின் சோதனைக்கூடங்களில் 1990கள் தொட்டு ஒரு விந்தை தெரிய வந்தது. ஒரே அளவு மதுசாரம் கொடுத்தால் முதிர்ந்த எலி தள்ளாடித் தூங்கிவிடும்; இளம் எலி விழித்தேயிருக்கும். ஆனால் புதிதாய்க் கற்பதில் இளையதற்கே அதிகம் தடுமாற்றம். தூக்கமும் தள்ளாட்டமும், போதும் நிறுத்து என்று உடல் இடும் கட்டளைகள் அல்லவா? அக்கட்டளை இளம் உடலுக்குள் மெலிந்தே ஒலிக்கின்றது. ஊறோ நினைவாற்றலில் விழுகின்றது. எலி மனிதனன்று என்பதை மறவாமற் கொண்டால் இது மிகப் பயனுள்ள செய்தி.

2000ஆம் ஆண்டில் சான் டியேகோ நகரில் சன்ட்ரா பிறவுணும் சூசன் ரப்பேட்டும் பிறரும், மதுவுக்கு அடிமைப்பட்டிருந்த பதினைந்து பதினாறு வயதினரைச் சோதித்தனர். மூன்று வாரமளவு மதுவைத் தொடாதிருந்தும் அவர்கள், ஒத்த வயதினரான மற்றப் பிள்ளைகளிலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைவாகவே கற்றவற்றை நினைவிற் கொண்டனர். செய்தித்தாள்கள் இதனைப் பற்றிக்கொண்டன. மது மூளையைக் கெடுக்கின்றது, வழக்கு முடிந்தது!

வழக்கு முடியவில்லை. அப்பிள்ளைகள் குடிக்கத் தொடங்குமுன் எப்படியிருந்தார்கள்? கல்வியிற் பின்தங்கியதாற் சலித்துக் குடிக்கச் சென்றனரா, குடித்ததாற் பின்தங்கினரா? வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி ஆகியவை நினைவாற்றலையும் தாக்கும், பிள்ளையைப் போதைக்கும் இட்டுச்செல்லும். முப்பத்தொன்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கண்ட பிள்ளைகளுள் இவ்விரண்டையும் பிரித்தறிய முடிந்தவர் ஒருவரேனும் இல்லை. முதல் மிடறு விழுங்குமுன்னரே பிள்ளையை அளந்து வைத்திருந்தாலன்றி இம்முடிச்சு அவிழாது.

அப்படி அளந்து வைத்திருந்த ஊர் ஒன்று இருந்தது. நியூசீலாந்தின் டனீடின் நகரில் 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்த குழந்தைகளுள் 1,037 பேரைப் பில் சில்வா என்பவர் மூன்றாம் வயதிலிருந்து ஆராயத் தொடங்கினார். அவர் போதைப்பொருளைத் தேடவில்லை. பிள்ளைகளின் உடல்நலத்தையும் வளர்ச்சியையுமே தேடினார். பங்குபற்றியவர்கள் உலகின் எம்மூலைக்குச் சென்றிருந்தாலும் பயணச் செலவு கொடுத்து அவர்களை மீண்டும் டனீடினுக்கு அழைத்து வந்தனர். முப்பத்தெட்டாம் வயதில் உயிரோடிருந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வந்து சோதனைக்கு அமர்ந்தனர். ஒரு வகுப்பின் பழைய மாணவரைப் பத்தாண்டு கழித்து ஒன்றுகூட்ட முயன்றவர் எவரும் இத்தொகையின் அருமையை உணர்வர்.

2012இல் மடலின் மையர் என்பவர் அவ்வேடுகளிலிருந்து ஒரு முடிவை வெளியிட்டார். கட்டிளமைப் பருவத்திலே கஞ்சாவைத் தொடங்கி, நெடுங்காலம் அதற்கு அடிமைப்பட்டிருந்தோரின் நுண்மதி ஈவு, பதின்மூன்று வயதுக்கும் முப்பத்தெட்டு வயதுக்குமிடையே சராசரி எட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. வளர்ந்த பின் தொடங்கியோரிடம் அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. அடுத்த ஆண்டே நோர்வே நாட்டுப் பொருளியலறிஞர் ஒலே றொகபேர்க் எதிர்வாதம் எழுப்பினார்: வறிய குடும்பத்துப் பிள்ளை பாடசாலையை விட்டு விலகும்போது அதன் ஈவு தானே சரியும், பழியைக் கஞ்சாவின்மீது மட்டும் போடலாமா? டனீடின் குழுவினர் நடுத்தரக் குடும்பத்தினரை மட்டும் எடுத்துக் கணக்கிட்டு, அங்கும் வீழ்ச்சி உண்டென விடையிறுத்தனர். 2016இல் அமெரிக்க இரட்டையர்களைக் கொண்டு செய்த ஆய்வு மறுபக்கம் சாய்ந்தது. ஒரே வீட்டிற் பிறந்து வளர்ந்த இரட்டையருள் கஞ்சா தொட்டவர், தொடாதவரைவிடத் தாழ்ந்துவிடவில்லை. மையர் தாமே பங்குகொண்ட பிரித்தானிய இரட்டையர் ஆய்வும் 2018இல் ஏறத்தாழ அவ்வாறே கூறியது.

இவ்விரு வகை ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன எனக் கொள்வது அவசரம். இரட்டையர் ஆய்வுகள் பதினெட்டு இருபது வயதோடு நின்றன. டனீடினில் வீழ்ச்சி கண்டவர்களோ பல்லாண்டு காலம் அடிமைப்பட்டிருந்த மிகச் சிலர். எட்டுப் புள்ளி என்னும் எண்ணைச் சுவரொட்டியில் எழுதி மாணவரை அச்சுறுத்துவதை நான் விரும்பவில்லை. அந்த எண் அவர்களுள் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் நேர்மையாய்ச் சொல்ல வேண்டிய விடை நீண்டது. அச்சுறுத்தியவர் அவ்விடையைச் சொல்லாது விட்டால், பிள்ளை மற்றைய எச்சரிக்கைகளையும் நம்பாது விடும்.

சிறு தொகையை வைத்துக்கொண்டு வாதாடுவதால் வழி பிறவாதென்று கண்ட அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனங்கள், 2016 செப்ரெம்பர் முதல் 2018 வரை ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 11,880 பேரைச் சேர்த்தன. இருபத்தொரு நிலையங்கள், தலைமை சான் டியேகோவில், முன்னர் நாம் சந்தித்த சன்ட்ரா பிறவுணும் ரெறி ஜேர்னிகனும். இரண்டு ஆண்டுக்கொருமுறை மூளைப் படம்; இடையே கேள்விகள், உமிழ்நீர், தலைமயிர், உதிர்ந்த பாற்பற்கள்கூட. வேண்டுமென்றே இரட்டையரையும் பெருந்தொகையாய்ச் சேர்த்துக்கொண்டனர். பெரும்பாலானோர் மதுவையோ கஞ்சாவையோ அறியாத வயதிலேயே முதற்படம் எடுக்கப்பட்டமைதான் இவ்வாய்வின் உயிர்நிலை.

2024 திசம்பரில் அதன் முக்கிய விடையொன்று வெளிவந்தது. 9,804 பிள்ளைகளின் முதற்படங்கள் ஆராயப்பட்டன. அவர்களுள் 3,460 பேர் பதினைந்து வயதுக்குமுன் ஏதோவொரு போதைப்பொருளைத் தொட்டிருந்தனர், பெரும்பாலும் மதுவே. அவர்களுடைய மூளையின் முன்பகுதி மேற்பட்டை சிறிது மெலிந்தும், மொத்தப் பருமன் சிறிது கூடியும் காணப்பட்டன. ஆனால் அவ்வேறுபாடுகளுட் பல, முதற்படத்தின்போது எதையுமே தொட்டிராத பிள்ளைகளிடமும் இருந்தன! மதுவின் வடுவென முன்னர் எண்ணப்பட்டவற்றுள் ஒரு பகுதி, மதுவுக்கு முந்தியதாயிற்று. வேறுபாடுகள் மிகச் சிறியவை. ஒரு படத்தைப் பார்த்து இப்பிள்ளை குடிக்கும், இப்பிள்ளை குடியாது எனக் குறிசொல்ல அவை உதவா.

இதனால் ஊறில்லை என்றாகிவிடுமா? ஐரோப்பாவிலிருந்து வந்த விடை அப்படி விடவில்லை. ஜேர்மனி, பிரான்சு, பிரித்தானியா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் பதினான்கு வயதினர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைத் தொடர்ந்த ஆய்விலிருந்து, அவ்வயதிற் கஞ்சாவைத் தொட்டிராத 799 பேர் தெரிவுசெய்யப்பட்டனர். ஐந்தாண்டு கழித்து மீண்டும் படமெடுத்தபோது, இடையிற் கஞ்சாவைப் பழகியவர்களின் முன்பகுதி மேற்பட்டை கூடுதல் விரைவில் மெலிந்திருந்தது. பழகிய அளவு மிகுந்தால் மெலிவும் மிகுந்தது. பதினான்கு வயதில் அவர்களுக்கும் மற்றவர்களுக்குமிடையே அத்தகைய வேறுபாடு இருந்ததில்லை. 2021இல் வெளியான இம்முடிவும் சான்றாகும், இறுதித் தீர்ப்பாகாது. கவாத்து நடக்கும் காலத்தில் வேறொரு கை கத்தியைப் பிடித்ததோ என்று ஐயுற அது போதிய இடந்தருகின்றது.

அமெரிக்க ஆய்வில் 2016இல் ஒன்பது வயதினராய் அந்த ஒடுங்கிய குழலினுள் முதன்முதற் படுத்தவர்கள் 2025இல் பதினெட்டு வயதை எட்டினர். மது, கஞ்சாப் பழக்கம் பலரிடத்தில் மிகுந்து வேரூன்றும் ஆண்டுகள் அவர்களுக்கு அதன் பின்னரே வருகின்றன. அவ்வாண்டுகளின் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க, அவர்கள் ஒன்பது வயதில் எடுத்த படங்கள் காத்திருக்கின்றன.