கல்வராயன் மலையும் கள்ளச்சாராயமும்

தமிழகத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை அதைத் தொடங்கிவைத்தது. கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் இன்றும் அந்த மலையின் பெயரைக் கேட்டாலே பலருக்குக் கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வருகிறது.

மலையின் ஆட்சி வரலாற்றைப் பார்த்தால் காரணம் புரியும். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தாரர்களிடம் இருந்த இம்மலையை அரசு 1976இல்தான் ஏற்றுக்கொண்டது. சாலையும் மருத்துவமும் பட்டாவும் மலையாளிப் பழங்குடியினரைத் தாமதமாகவே எட்டின. சில ஊர்களுக்கு இன்னும் முழுமையாக எட்டவில்லை. மானாவாரிச் சாமையும் கடுக்காய்ச் சேகரிப்பும் ஆண்டு முழுவதும் சோறு போடவில்லை. வெல்ல மூட்டைகள் மலையேறின. லாரி டியூப்களில் சாராயம் கீழே இறங்கியது.

தண்ணீர் ஓடும் ஓடையோரமே ஊறல் போடும் இடம். வெல்லத்தோடு மரப்பட்டையும் கடுக்காயும் சேர்த்து, நாட்கணக்கில் நொதிக்கவிட்டுக் காய்ச்சுவார்கள். அதில் வருவது எத்தனால். அதுவும் உடலையும் குடும்பத்தையும் அரிப்பதுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றதோ மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இந்த நஞ்சு உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கும், இரத்தத்தை அமிலமாக்கும். முந்தைய ஆண்டு மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் இதுவே. இரண்டும் சமவெளியில் நடந்தவை. மலையில் ஊறலை அழிப்பதால் மட்டும் ஆலை மெத்தனாலின் கசிவு அடைபடாது.

கருணாபுரச் சாவுகள் நேர்ந்த அதே மாதத்தில் மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. அதன்படி உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு வழியில் சென்றது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தாமாகவே வழக்கெடுத்து, அடிப்படை வசதிகள் எங்கே என்று அரசைக் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வாழ்க்கை நிலை மாறினால் சாராயத்தை எதிர்க்க முடியும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்திடம் ஓர் அனுபவம் உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கம் கிராமந்தோறும் பெண்களைத் திரட்டி, சைக்கிள் ஓட்டவும் பழக்கியது. ஒப்பந்ததாரர்களின் பிடியிலிருந்த கல்குவாரிகள், அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. எழுத்தும் சைக்கிளும் வருமானமும் கைக்கு வந்த பெண்கள் சாராயத்தையும் எதிர்த்து நின்றார்கள். கல்வராயன் மலைப் பெண்களுக்கும் அதே வழியில் உதவி சேர வேண்டும்: நிலத்துக்குப் பட்டா, கடுக்காய்க்கு நேரடிக் கொள்முதல், மழையிலும் பேருந்து ஓடும் சாலை.