தெளிப்பான் மூடியும் அருகம்புல்லும்

கோல்ஃப் மைதானத்தின் நீர்த்தெளிப்பான் தரைமட்டத்தில் புதைந்திருக்கும். மேலே தெரிவது ஒரு சாணுக்குள் அடங்கும் வட்ட மூடிதான். நீரழுத்தம் ஏறியதும் குழாய்முனை சில அங்குலம் எழும்பிச் சுழன்று தண்ணீரை வீசிவிட்டு உள்ளே இறங்கிவிடும். சுற்றியுள்ள புல் மூடியின் மேல் படர்ந்தால் வீசும் நீர் அதில் மோதிச் சிதறுகிறது. பக்கத்தில் சேறு, தொலைவில் வறட்சி. புல்வெட்டும் எந்திரம் அந்த இடத்தின் மேல் தினமும் ஓடினாலும் பயனில்லை. நிமிர்ந்த புல்லைத்தான் அது அரியும். மூடியோடு ஒட்டிப் படுத்திருக்கும் தண்டு அதன் கத்திக்கு எட்டாது. ஆகவே ஒவ்வொரு மூடியையும் கையால் சுற்றி வெட்ட வேண்டியிருக்கிறது.

கோல்ஃப் வளர்ந்த ஸ்காட்லாந்தின் கடலோர மணல்வெளிகளில் தொடக்கத்தில் இப்படியொரு வேலையே இருக்கவில்லை. மழை நீர் வார்த்தது; ஆடுகளும் முயல்களும் புல்லைக் கட்டையாக மேய்ந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் வெளியைப் பற்றிய 1552ஆம் ஆண்டு ஆவணமொன்று, பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்க்கவும் ஊரார் கோல்ஃப் ஆடவும் சேர்த்தே உரிமை தருகிறது. மேய்ச்சலும் ஆட்டமும் ஒரே நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. மேய்ச்சல் போதாத இடத்தில் நீண்ட பிடியுள்ள அரிவாள் வேலை செய்தது. 1860களில் அந்த மைதானத்தின் பொறுப்பை ஏற்ற டாம் மாரிஸ், புல்தரைக்கு மணல் தூவிப் பராமரிக்கும் முறைக்காக இன்றும் நினைக்கப்படுகிறார்.

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நெசவாலையில் துணியின் மேல் எழும் பிசிரைச் சீராக அரியும் எந்திரமே அதற்கு முன்மாதிரி. அகன்ற வெளியை ஒரே உயரத்தில் வெட்ட அதனால் முடிந்தது. மரத்தடி, மணற்பள்ளத்தின் ஓரம் போன்ற விளிம்புகள் மட்டும் அரிவாளுக்கே மிஞ்சின.

மழை குறைந்த அமெரிக்கப் பகுதிகளுக்கு ஆட்டம் பரவியபோது தண்ணீரையும் மனிதர்களே கொண்டுவர வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவின் கிளெண்டோராவில் எலுமிச்சை வகைத் தோட்டம் வைத்திருந்த ஆர்ட்டன் எங்கல்ஹார்ட், சிறு கை ஒன்று நீர்த்தாரையைத் தட்டித் தட்டிச் சுழலும் தெளிப்பானை 1933இல் உருவாக்கினார். அதன் காப்புரிமை 1935இல் கிடைத்தது. பழத்தோட்டத்துக்காகப் பிறந்த அந்தக் கருவியிலிருந்து பெரிய தெளிப்பான் தொழிலே கிளைத்தது. மைதானங்களிலோ வெகுகாலம் இரவுப் பணியாளர்கள்தான் தரையில் பதித்த குழாய்வாய்களில் தெளிப்பானைச் செருகியும் பிடுங்கியும் இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், தானே எழும்பி இறங்கும் தெளிப்பான்கள் பரவின. இரவுப் பணி குறைந்தது. அதற்குப் பதில் ஒரு மைதானத்துக்கு நூற்றுக்கணக்கான வட்ட விளிம்புகள் வந்து சேர்ந்தன.

புல்லும் அதே காலத்தில் மாறியது. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்கிரீன் 1956இலும் டிஃப்வே 1960இலும் வெளியாகி, வெப்பநாட்டு மைதானங்களை நிறைத்தன. இரண்டும் பெர்முடா புல்லின் கலப்பு ரகங்கள். அமெரிக்கர் பெர்முடா என்பது நம்முடைய அருகம்புல்லைத்தான். தரைமேல் ஓடுதண்டு, மண்ணுக்குள் மட்டநிலத்தண்டு என இரண்டு வழியிலும் பரவி, கணுவுக்குக் கணு வேர் விடும் செடி அது. மணமக்களை அருகுபோல் வேரோடி வாழச் சொல்லி வாழ்த்துகிற தமிழருக்கு அதன் பிடிவாதத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிடிவாதத்தால்தான் மிதி தாங்கும் நல்ல ஆடுதரை கிடைக்கிறது. தெளிப்பான் மூடியை ஒரு பருவத்துக்குள் புல் விழுங்கிவிடுவதும் அதனால்தான்.

முதலில் கத்தியும் கத்தரியுமாக முழங்காலிட்டு வெட்டினார்கள். 1971இல் ஹூஸ்டன் நகரின் ஜார்ஜ் பேலஸ், கார் கழுவுமிடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, தகர டப்பாவில் துளையிட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டார். மரப்பட்டையைக் காயப்படுத்தாமல் அடிப்புல்லை வெட்டுவதே அவர் நோக்கம். மைதானங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. குனியாமல் வெட்டலாம், ஆனால் நரம்பு பிளாஸ்டிக் மூடியைச் சுரண்டும், அதிலுள்ள எழுத்தையும் தேய்க்கும். களைக்கொல்லி தெளித்தால் உழைப்பு மிச்சம். பச்சைத் தரையில் பழுப்பு வளையம் விழுந்து மண் வெளியே தெரியும். வட்ட விளிம்புள்ள வெட்டுக்கருவியை மூடிமேல் வைத்து அழுத்தித் திருப்புவதே நேர்த்தியான வழி. புல் வேரோடு வளையமாகப் பெயர்ந்து வரும், விளிம்பும் துல்லியமாக நிற்கும்.

எழுத்து தேய்வது சின்ன விஷயமில்லை. கிரீன் எனப்படும் குழிப்பரப்பு அங்கிருந்து எத்தனை கெஜம் என்பதைப் பல மைதானங்கள் தெளிப்பான் மூடியிலேயே பொறித்து வைத்தன. எந்த மட்டையை எடுப்பது என்று ஆட்டக்காரர் தீர்மானித்தது அந்த எண்ணைப் பார்த்துத்தான். தூரம் அளக்கும் கருவிகளை 2006 முதல் மைதானங்கள் தம் உள்விதியால் அனுமதிக்க முடிந்தது. 2019இன் விதிகள் அவற்றைப் பொதுவாகவே அனுமதித்தன. எண்ணைத் தேடி மூடியருகே குனிவோர் அதற்குப்பின் குறைந்தார்கள். தண்ணீரின் கணக்கு மட்டும் மாறவில்லை. பழுதான தெளிப்பானைத் திறக்க வருபவருக்கு இன்றும் முதலில் மூடி கண்ணில் பட வேண்டும். அதனால் புல் வேகமாக ஓடும் மாதங்களில் சில வாரங்களுக்கொருமுறை வட்டவெட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது.