காலி கோட்டை: சுனாமியையே தடுத்த மதில்... 2 மணி நேரத்தில் நடந்தே சுத்திப் பார்ப்பது எப்படி?

பேர்தான் காலி. ஆனால் உள்ளே போனால் 400 வருஷ வரலாறு நிரம்பி வழிகிறது!

இலங்கையின் தென்மேற்குக் கரையில், கொழும்பிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது காலி நகரம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இதன் பழைய கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த விகாரை, நீதிமன்றம் எல்லாமே மதிலுக்குள்தான். கோட்டையைச் சுற்றி நடக்க டிக்கெட்டும் கிடையாது. எங்கே ஆரம்பிக்கலாம், என்னென்ன பார்க்கலாம்? சுருக்கமாகப் பார்க்கலாம்.

யார் கட்டிய கோட்டை இது?

முதலில் வந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1588-இல் இங்கே அரண் அமைத்தார்கள். 1640-இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றினார்கள். இன்று நாம் பார்க்கும் பெரிய மதில்களும் கொத்தளங்களும் பெரும்பாலும் 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் எழுப்பியவை. 1796-இல் கோட்டை பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1988-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நடையை எங்கே தொடங்கலாம்?

மாலை 4 மணிக்கு, கிழக்குப் பக்கம் உள்ள பழைய வாசலில் தொடங்குங்கள். அப்போதுதான் சூரியன் மறையும் நேரத்துக்கு மேற்கு மதிலுக்குப் போய்ச் சேர முடியும்.

1. பழைய வாசல்

வெளியே நின்று பார்த்தால் வாசலுக்கு மேலே பிரிட்டிஷ் அரச சின்னம் தெரியும். பார்த்துவிட்டு நேரே போய்விடாதீர்கள். உள்ளே நுழைந்ததும் திரும்பி மேலே பாருங்கள். 1669 என்ற ஆண்டு பொறித்த இன்னொரு சின்னம் இருக்கும். இரண்டு பக்கமும் சிங்கம், மேலே ஒரு சேவல், நடுவில் 'வி.ஓ.சி' என்ற எழுத்துகள்.

நம்ம ஊர் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. இல்லை இது! டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம். அந்தக் கம்பெனி தூத்துக்குடியையும் பல காலம் கையில் வைத்திருந்தது.

வாசலையொட்டி நீளமாக நிற்பது டச்சுக்காரர்களின் சரக்குக் கிடங்கு. இப்போது கடல்சார் அருங்காட்சியகம். 1659-இல் காலி துறைமுகத்தில் மூழ்கிய 'அவொண்ட்ஸ்டெர்' என்ற டச்சுக் கப்பலின் கதையை இங்கே விசாரிக்காமல் வராதீர்கள்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே உள்ள டச்சு தேவாலயத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். 1755-இல் கட்டி முடிக்கப்பட்டது. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள்.

2. டச்சு மருத்துவமனைத் தெரு

கிழக்குக் கரையோரமாகத் தெற்கே நடந்தால் பழைய டச்சு மருத்துவமனை வரும். தடித்த தூண்கள், நீளமான தாழ்வாரம். இப்போது உள்ளே கடைகளும் உணவகங்களும்தான்.

நீங்கள் நடக்கும் தெருக்களுக்கு அடியில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் நிலத்தடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டினார்கள். கடல் பொங்கும்போது தண்ணீர் உள்ளே ஏறும், வற்றும்போது கழிவை இழுத்துக்கொண்டு வெளியேறும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. வேலையைக் கடலே பார்த்துக்கொண்டது!

3. கலங்கரை விளக்கமும் பள்ளிவாசலும்

தென்கிழக்கு மூலையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். 26.5 மீட்டர் உயரம். 1848-இல் கட்டிய பழைய விளக்கம் தீயில் அழிந்த பிறகு, 1939-இல் கட்டியது இது.

எதிரே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் கட்டடத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் தேவாலயம் என்றே நினைப்பார்கள். ஆனால் அது மீரான் ஜும்மா பள்ளிவாசல். கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு மொழி தமிழ். இந்தத் தெருவில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

4. கொடிப்பாறை

தென்முனையில் இருக்கும் இந்தக் கொத்தளத்திலிருந்துதான் டச்சுக்காரர்கள் உள்ளே வரும் கப்பல்களுக்கு, "பாறை இருக்கு, பார்த்து வாங்க" என்று கொடி காட்டி எச்சரித்தார்கள். காலி துறைமுகம் முழுக்க மறைந்திருக்கும் பாறைகள் அவ்வளவு ஆபத்தானவை.

5. மேற்கு மதில்

இங்கிருந்து மதில் மேலேயே நடக்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டு வீடுகள். சாயங்காலம் ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள், பட்டம் விடும் பிள்ளைகள், காதலர்கள் என்று மதிலே நிரம்பிவிடும். சூரியன் மறையும் வரை இங்கேயே உட்காருங்கள்.

6. மணிக்கூண்டு

வடக்கே, நிலாக் கொத்தளத்தில் நடை முடிகிறது. 1883-இல் கட்டிய இந்த மணிக்கூண்டு, காலியில் வாழ்ந்த டாக்டர் பி.டி. அந்தோனிஸின் நினைவாக மக்களே பணம் போட்டு எழுப்பியது. கடிகாரத்தைக் கொடுத்தவர் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவர்.

கீழே தெரிவது காலி சர்வதேச கிரிக்கெட் மைதானம். 2010 ஜூலை 22-ஆம் தேதி, இந்தியாவுக்கு எதிரான தனது கடைசி டெஸ்டில் முத்தையா முரளிதரன் 800-வது விக்கெட்டை எடுத்தது இங்கேதான். இந்த மதில் மேல் நின்று மேட்ச் பார்ப்பது காலிக்காரர்களின் பழக்கம்.

சுனாமி அன்று என்ன நடந்தது?

2004 டிசம்பர் 26. இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த அலை காலியையும் தாக்கியது. மதிலுக்கு வெளியே இருந்த பஸ் ஸ்டாண்டும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கின. கோட்டைக்குள் இருந்த வீடுகளோ பெரும்பாலும் தப்பின. எதிரியின் பீரங்கிக்காகக் கட்டிய சுவர், 300 வருஷம் கழித்துக் கடலைத் தடுத்தது.

மைதானத்தில் மறுபடி டெஸ்ட் நடக்க 2007 டிசம்பர் வரை ஆனது.

இப்போது என்ன பிரச்னை?

கடலிடம் தப்பிய வீடுகளை இப்போது சந்தை விலை அசைக்கிறது. பல குடும்பங்கள் நல்ல விலைக்கு வீட்டை விற்றுவிட்டு வெளியே போய்விட்டன. அந்த வீடுகள் ஹோட்டலாகவும் கஃபேயாகவும் மாறிவிட்டன. சுற்றுலா வருமானத்தால் பல பழைய கட்டடங்கள் இடிந்து விழாமல் பிழைத்தன என்பதும் உண்மை. ஆனால் காலி கோட்டையின் சிறப்பே ஆட்கள் வாழும் கோட்டை என்பதுதான். ஆள் இல்லாமல் போனால் பேருக்கேற்றபடி 'காலி'யாகிவிடும் என்பதே கவலை.

இந்த நடையில் பார்க்க முடியாத ஒன்று

1911-இல் காலி நகரில் ஒரு சிறு பாலத்துக்கு மூடியாகக் கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்தபோது, அதில் மூன்று மொழி எழுத்துகள் இருந்தன. சீனம், தமிழ், பாரசீகம்! சீனக் கடற்தளபதி செங் ஹேவின் பயணத்தோடு வந்த கல்வெட்டு அது. அதிலுள்ள தேதி 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகிறது. போர்ச்சுகீசியர் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இந்தக் கரையில் தமிழுக்கு இருந்த இடத்துக்கு இது சாட்சி. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திரும்பும் வழியில் தவறாமல் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் முன் கவனிக்க:

* மதிலின் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. செல்ஃபி எடுக்கும்போது பின்னால் நகராதீர்கள். குழந்தைகள் கையை விடாதீர்கள்.
* மதில் மேல் நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.
* பள்ளிவாசல், தேவாலயம், விகாரைக்குள் போக உடலை மூடிய உடை அணியுங்கள்.
* கொழும்பிலிருந்து ரயிலில் போனால் கடலோரமாகவே பயணம். ரயில் நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம்.
* ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து போட்டோ எடுக்க வேண்டாம். உள்ளே இருப்பது ஒருத்தருடைய வீடு.