மூன்று அடுப்புகள்: ஊவாத் தோட்டங்களில் வெப்பத்தின் வரலாறு

சங்க நூல்களுள் கூதிர்காலத்தின் கொடுமையை விரித்துரைப்பது நெடுநல்வாடை. அந்நூலில் இருவகைத் தீயைக் காண்கின்றோம். மழையில் நனைந்த கோவலர் வெட்டவெளியில் நெருப்பைச் சூழ்ந்து நின்று நடுங்குகின்றனர். மாடங்களில் வாழ்வோரோ கதவடைத்துத் ‘தடவு’ எனப்படும் கணப்புச் சட்டியின் அருகே இருக்கின்றனர். குளிர் யாவர்க்கும் பொது. குளிரைப் போக்கும் நெருப்புப் பொதுவன்று. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குவோர்க்கும் இவ்வுண்மை புலனாகும். அங்கு மூவகை அடுப்புகள் எரிந்தன: தொழிற்சாலையின் உலை, துரைமாரின் பங்களாவில் அமைந்த கணப்பு, லயன் காம்பிராவின் விறகடுப்பு. இம்மூன்றின் வரலாற்றையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 4,000 அடியையும், அப்புத்தளை 4,500 அடியையும் கடந்து நிற்பவை. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையோடு குளிரும் சேர்ந்துவிடும். இக்குன்றுகளுக்குத் தொழிலாளராக அழைத்து வரப்பட்டோர் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களின் வெப்பமிகு சமவெளிகளைச் சேர்ந்தவர்கள். வெயிலும் வறட்சியும் அவர்கள் அறிந்தவை. மலைக்குளிரை அவர்கள் அறிந்திலர். குளிருக்கென அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கம்பளி. அதன் விலையும் பெரும்பாலும் கூலியிலிருந்தே கழிக்கப்பட்டது.

முதலில் பயிரிடப்பட்டது கோப்பி. கோப்பிக் கொட்டையை உலர்த்தச் சூரிய வெப்பமே பெரிதும் போதுமானதாயிருந்தது. 1869 ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைநோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக் கொண்டது. இம்மாற்றத்தைப் பயிர் மாற்றமாக மட்டுமே வரலாற்று நூல்கள் பெரும்பாலும் காட்டுகின்றன. உண்மையில் அது நெருப்பின் வருகையுமாகும். தேயிலைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்கு நீராகும். வாட்டி, அரைத்து, புளிக்கவைத்தபின் அதனை ஏறத்தாழ 3 வீத ஈரம் மட்டும் எஞ்சுமாறு விரைந்து உலர்த்துதல் வேண்டும். இதற்கு வெயில் உதவாது, உலை வேண்டும்.

1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலர், தமது பங்களாத் திண்ணையில் மண்ணடுப்பு மூட்டி, கரித்தணல்மேல் தட்டுகளை வைத்தே தேயிலையை உலர்த்தினார். இம்முறையில் கரி மிகுதியாகச் செலவாயிற்று. அன்றியும், தேயிலை தன்னைச் சூழ்ந்த மணத்தை எளிதில் ஏற்கும் இயல்புடையது. சிறிதளவு புகை பட்டாலும் சந்தையில் அதன் விலை வீழ்ந்துவிடும். இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர், அசாமியத் தோட்டங்களிற் பணிபுரிந்த சாமுவேல் டேவிட்சன். 1877 இல் அவர் அமைத்த உலர்த்தும் பொறி ‘சிரோக்கோ’ எனப் பெயர் பெற்றது. 1881 இல் பெல்பாஸ்ற் நகரில் அவர் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து இத்தகைய பொறிகள் தேயிலை நாடுகளெங்கும் சென்றன.

இவ்வுலையின் தத்துவம் எளியது. விறகு எரிந்தெழும் புகை இரும்புக் குழாய்களினூடாகச் சென்று புகைபோக்கி வழியே வெளியேறும். தூய காற்று அக்குழாய்களின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறித் தேயிலையை அடையும். நெருப்பின் வெப்பம் இலைக்கு, புகை வானுக்கு. இவ்வாறு புகையையும் வெப்பத்தையும் வேறுபடுத்தும் அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊவா மலைகளை அடைந்துவிட்டது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கினார். புகையிரதம் 1893 இல் அப்புத்தளையையும் 1924 இல் பதுளையையும் எட்டியது. கனத்த இரும்பு இயந்திரங்கள் மலையேறுவதற்கு இருந்த தடை இதனால் வெகுவாகக் குறைந்தது.

பிற்காலத்தில் இவ்வுலைகள் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டன. எண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் பல தொழிற்சாலைகள் எண்ணெய் உலைகளைப் பொருத்தின. 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை உயர்ந்தபின் அவை விறகுக்கே மீண்டன. அதற்கென யூக்கலிப்ரஸ் மரங்கள் தோட்டங்களில் நடப்பட்டன. இலாபம் குன்றும்போதெல்லாம் தொழிற்சாலையின் அடுப்பு மாற்றப்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது அடுப்பு பங்களாவினுடையது. ஆங்கிலத் துரைமார் தம் நாட்டு வழக்கப்படி வரவேற்பறையிற் கணப்பும், கூரைமேற் புகைபோக்கியும் அமைத்தனர். 1931 இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் அப்புத்தளையில் எழுப்பிய அடிசாம் மாளிகை இங்கிலாந்தின் கெண்ட் மாநிலக் கிராமமொன்றின் பெயர் தாங்கியது. இன்று துறவியர் மடமாக விளங்கும் அக்கற்கட்டடத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் அவ்வாழ்வு முறைக்குச் சான்று பகர்கின்றன.

மூன்றாவது அடுப்பையே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். லயன் காம்பிரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன்களில் பின்புறச் சுவர் அடுத்த குடும்பத்துக்கும் உரியதாகையால் காற்றோட்டத்துக்கு வழியில்லை. தகரக்கூரை பகலிற் கொதித்து இரவிற் குளிரும். அங்கே மூன்று கற்களாலோ களிமண்ணாலோ ஆன அடுப்பே சமையலறை, அதுவே கணப்பு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறே அதன் விறகு. ஈர மிலாறு வெப்பத்தைக் காட்டிலும் புகையையே மிகுதியாகத் தரும். கதவைத் திறந்தால் குளிர் நுழையும். மூடினால் புகை தேங்கும். இவ்விரண்டுள் ஒன்றை ஒவ்வோர் இரவும் தெரிந்தெடுக்க வேண்டிய நிலையே லயன் வாழ்வாயிற்று.

இவ்வரிகளை எழுதும்போது என் அம்மாயியின் நினைவு எழுகின்றது. பெரட்டுக்குச் செல்லுமுன் ரொட்டி சுடுவதற்காக விடியற்காலை நான்கு மணிக்கே அவர் அடுப்பு மூட்டுவார். நாங்கள் பேரப்பிள்ளைகள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் ஒடுங்கியிருப்போம். அவ்வெப்பம் இனியதே. ஆயின் வாழ்நாள் முழுவதும் தேயிலைத்தூரில் நின்ற அவர் ஒருநாளும் புகைபிடித்தவரல்லர். இறுதிக் காலத்தில் மூச்சுவிடத் திணறினார். அடுப்புப் புகை நாட்பட்ட நுரையீரல் நோய்க்கும், குழந்தைகளின் நிமோனியாவுக்கும் காரணமாவதை மருத்துவ உலகம் இன்று ஐயத்துக்கிடமின்றி ஏற்றுள்ளது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. புகையை வெளியேற்றும் வழியைத் தோட்ட நிருவாகம் அறியாதிருந்ததா? லயனிலிருந்து கூப்பிடு தொலைவில் நின்ற தொழிற்சாலையே அதற்கு விடையாகும். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், தொழிலாளர் நோய்கள் சட்டமும் லயன்களின் சுகாதாரத்தைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கின. எனினும் காம்பிராவின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. புகை பட்ட தேயிலை நட்டத்தை விளைவித்தது. அந்நட்டம் கணக்கேட்டில் இடம்பெற்றது. புகை பட்ட நெஞ்சு எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறவில்லை. இலை காக்கப்பட்டது, இலை பறித்தவள் காக்கப்படவில்லை.

தொழிலாளி தானே ஒரு புகைபோக்கி அமைத்திருக்கலாகாதா என வினவுவோரும் உளர். காம்பிரா அவனுக்குரியதன்று. வேலை இருக்கும்வரையே உறைவிடம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனுமாக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ ஊவாக் குடும்பங்களைக் கப்பலேற்றியது. நாளை எந்நாட்டில் இருப்போம் என அறியாதவன் சுவரைத் துளைத்துப் புகைபோக்கி கட்டுவதெங்ஙனம்? அடுப்பை மாற்றுதல் தொழில்நுட்பம் மட்டுமன்று. அது உரிமையைச் சார்ந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோதும், 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் உடைமையாளர் மாறினர். லயன் அடுப்பு பெரும்பாலும் மாறவில்லை.

மாற்றங்களே நிகழவில்லை என்பது நமது கருத்தன்று. 1980களில் நாடெங்கும் பரவத் தொடங்கிய ‘அனகி’ எனும் இருபானைக் களிமண் அடுப்பு விறகுச் செலவைக் குறைத்தது. ஆயினும் அதற்கும் புகைபோக்கி இல்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டியது. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண்சரிவு மூடியபின், தனிவீட்டுக் கோரிக்கை வலுப்பெற்றது. அண்மைக்காலத்தில் ஏழு பேர்ச் காணியில் எழுந்துள்ள வீடுகளிற் சமையலறை தனியாக உண்டு. ஆயினும் லயன்களில் வாழ்வோர் இன்னும் பலர். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடையாதொழிந்தபோது, வாயு அடுப்புக்கு மாறியிருந்தோரும் விறகையே நாடினர்.

தேயிலை இலைக்குப் புகையற்ற வெப்பத்தை வழங்கிய உலை ஊவாவை அடைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவ்விலையைப் பறிக்கும் கைகளுக்கு அத்தகைய வெப்பம் இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. மலையக வரலாற்றை ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களிலும் சட்டங்களிலும் மட்டும் தேடும் ஆய்வாளர், விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு லயன் காம்பிராவின் அடுப்படியிலும் சிறிது நேரம் அமர்ந்து பார்த்தல் வேண்டும். அங்கு கண்ணைக் கரிக்கச் செய்யும் புகையும் ஒரு வரலாற்று ஆவணமே.