எம்25: லண்டன் சுற்றுவட்டச் சாலை

லண்டன் பெருநகரைச் சுற்றிச் செல்லும் விரைவுச்சாலை எம்25. நீளம் 188 கிலோமீட்டர். பெரும்பகுதி மாநகர எல்லைக்கு வெளியே, புதிய கட்டடங்களுக்கு எளிதில் அனுமதி கிடைக்காத பசுமை வளையத்தின் ஊடாகப் போகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரே மூச்சில் திட்டமிட்ட வட்டம் போலத் தோன்றும். உண்மையில் இது கைவிடப்பட்ட ஒரு பெருந்திட்டத்தில் மிஞ்சிய இரண்டு துண்டுகளின் ஒட்டு.

லண்டனைச் சுற்றிச் சாலை வேண்டும் என்ற யோசனை பழையது. 1937-இல் சார்லஸ் பிரெஸ்ஸி அளித்த அறிக்கையில் அது இருந்தது. 1944-இல் பேட்ரிக் அபெர்குரோம்பி வகுத்த பெருநகரத் திட்டம் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வட்டச் சாலைகளைப் பரிந்துரைத்தது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அதற்குப் பணமில்லை. 1960-களில் ‘ரிங்வே’ என்ற பெயரில் நான்கு வட்டங்களாக அதே யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது. உள்வட்டம் நெருக்கமான குடியிருப்புகளை இடித்துக்கொண்டு போக வேண்டியிருந்ததால் தெருத்தெருவாக எதிர்ப்பு கிளம்பியது. 1973-இல் பெருநகர மன்றத்தைக் கைப்பற்றிய தொழிற்கட்சி அந்தத் திட்டத்தைக் கைகழுவியது.

ஊருக்கு வெளியே அமையவிருந்த சாலைகள் மட்டும் பிழைத்தன. மூன்றாம் வட்டத்தின் வடக்கு, கிழக்குப் பகுதிகளையும் நான்காம் வட்டத்தின் தெற்கு, மேற்குப் பகுதிகளையும் இணைத்து ஒரே சாலையாக்குவதென்று 1975-இல் முடிவாயிற்று. முதல் துண்டு, சவுத் மிம்ஸுக்கும் பாட்டர்ஸ் பாருக்கும் இடையில், அந்த ஆண்டே திறக்கப்பட்டது. ஒட்டுப்போட்ட இடம் இன்றும் தெரிகிறது. செவனோக்ஸ் அருகே 5-ஆம் சந்திப்பில், கிழக்கு நோக்கி வருபவர் நேரே போனால் எம்26-இல் ஏறிவிடுவார். எம்25-இலேயே தொடர வேண்டுமானால் பக்கவாட்டில் பிரியும் தடத்தைப் பிடித்து வடக்கே திரும்ப வேண்டும். தன் வழியிலேயே போவதற்கு விலகிப் போகச் சொல்லும் சாலை அது.

முப்பதுக்கும் மேற்பட்ட பொது விசாரணைகளைத் தாண்டித்தான் சாலை வளர்ந்தது. எப்பிங் வனத்தின் ஓரத்தில், பெல் காமன் என்னுமிடத்தில், மைதானத்தைத் தோண்டிச் சாலையைப் போட்டு, மேலே கூரையிட்டு மண்ணை நிரப்பினார்கள். உள்ளூர்க் கிரிக்கெட் கழகம் இப்போது அந்தச் சுரங்கத்தின் தலைக்கு மேல் ஆடுகிறது.

1986 அக்டோபர் 29 அன்று பிரதமர் மார்கரெட் தாட்சர் கடைசித் துண்டைத் திறந்துவைத்து வட்டத்தை முழுமையாக்கினார். குறை சொல்லிக்கொண்டே இருப்பவர்களைத் தம்மால் சகிக்க முடியாது என்ற பொருளில் அன்று பேசினார். குறை சொன்னவர்கள் பக்கம்தான் கணக்கு சாய்ந்தது. நாளொன்றுக்கு 88,000 வண்டிகளைத் தாங்குவதற்கென வடிவமைத்த சாலையில் 1993-இல் சுமார் 2 லட்சம் வண்டிகள் ஓடின. தொலைதூர லாரிகள் நகருக்குள் நுழையாமல் சுற்றிப் போகட்டும் என்பதே நோக்கம். ஆனால் ஒரு சந்திப்பில் ஏறி அடுத்ததில் இறங்கும் உள்ளூர்வாசிகளுக்கும் அதுவே வசதியான பாதையாகிவிட்டது. உள்வட்டங்களைப் போடாமல் விட்டதன் சுமையும் இதன் மேல்தான் விழுந்தது எனலாம்.

நெரிசலுக்கு ஏற்ப வேக வரம்பை மாற்றிக்காட்டும் மின்பலகைகள் 1995-இல் மேற்குப் பகுதியில் வந்தன. ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய பகுதி 2005-இல் பன்னிரண்டு வழிச்சாலையாயிற்று. அகலப்படுத்த அகலப்படுத்த வண்டிகளும் பெருகின.

சட்டப்படி பார்த்தால் வட்டம் இன்னும் மூடவில்லை. தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் டார்ட்ஃபோர்டு பகுதி ஏ282 என்ற சாதாரணச் சாலை. விரைவுச்சாலையில் அனுமதியில்லாத வண்டிகளும் ஆற்றைக் கடக்க வேண்டுமே! வடக்கே போகிறவர்கள் 1963-இலும் 1980-இலும் திறக்கப்பட்ட இரு சுரங்கங்கள் வழியாகவும், தெற்கே போகிறவர்கள் 1991-இல் திறக்கப்பட்ட இரண்டாம் எலிசபெத் பாலத்தின் வழியாகவும் செல்கிறார்கள். கட்டுமானக் கடன் அடைந்ததும் சுங்கம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். 2003 முதல் அதே வசூல் நெரிசலைக் குறைக்கும் கட்டணம் என்ற பெயரில் தொடர்கிறது. 2014-இல் சுங்கச்சாவடிகளை அகற்றிவிட்டார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்கிறது. மறுநாள் நள்ளிரவுக்குள் பணம் கட்டாவிட்டால் அபராதம்.

இலக்கியத்திலும் இச்சாலைக்கு நல்ல பெயரில்லை. டெரி பிராட்செட்டும் நீல் கெய்மனும் எழுதிய ‘குட் ஓமன்ஸ்’ (1990) நாவலில் இதன் வடிவமே ஒரு சாத்தானின் கைவேலை. இயன் சின்கிளேர் சாலையை ஒட்டியே நடந்து சுற்றி ‘லண்டன் ஆர்பிட்டல்’ (2002) நூலை எழுதினார்.

2024 மார்ச்சில், சர்ரேயில் 10, 11-ஆம் சந்திப்புகளுக்கு இடையே பழைய பாலம் ஒன்றை இடிப்பதற்காக ஒரு வார இறுதி முழுவதும் சாலையை இருபுறமும் மூடினார்கள். முன்கூட்டியே அறிவித்துப் பகலிலும் மூடியது 1986-க்குப் பிறகு அதுவே முதல்முறை. பெரும் குழப்பம் வரும் என்று பத்திரிகைகள் எச்சரித்திருந்தன. மக்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டதால் அப்படியொன்றும் நேரவில்லை. குறித்த நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பாகவே சாலையைத் திறந்துவிட்டார்கள்.